லண்டன் போய் கம்ப்யூட்டர் படிக்க ஆசையா? 'காப்பி' அடித்தால் கம்ப்யூட்டரே போட்டுக் கொடுத்துடும்!

பிளஸ்-2 முடித்ததும் இங்கிலாந்து போய் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க வேண்டும் என்று நம்ம பசங்க பலருக்கும் ஆசை. கடன் வாங்கியாவது அனுப்பலாம் என்று பெற்றோரும் நினைக்கிறார்கள்.

இங்கே என்ஜினீயரிங் கவுன்சிலிங் என்றால் கட்-ஆப் மார்க்தான். 200-க்கு எத்தனை என்று பார்ப்பார்கள். "நீ ஏம்ப்பா இந்தப் படிப்புக்கு வர்றே?" என்று யாரும் கேட்பது இல்லை.

இங்கிலாந்தில் கேட்கிறார்கள். பதிலை மாணவரே இங்கிலீஷில் எழுதி அனுப்ப வேண்டும். இதற்குப் பெயர் 'பெர்சனல் ஸ்டேட்மெண்ட்'. மார்க் இருந்தும் இதில் கோட்டை விட்டால் சீட் கை நழுவிப் போகலாம்.

3 கேள்வி

அங்கே பட்டப்படிப்பு விண்ணப்பங்கள் பெரும்பாலும் 'யூகாஸ்' என்ற அமைப்பு வழியாகத்தான் போகும். ஒரே விண்ணப்பத்தில் 5 இடங்களுக்கு போடலாம். எழுதுகிற ஸ்டேட்மெண்ட் ஒன்றுதான். அதையே 5 பேரும் படிப்பார்கள். அதனால் "உங்க யுனிவர்சிட்டிதான் என் கனவு" என்று ஒரு பெயரை எழுதி வைத்தால் மற்ற 4 பேர் என்ன நினைப்பார்கள்?

முன்பு ஒரே நீளக் கட்டுரையாக எழுத வேண்டும். 2026-ம் ஆண்டு சேர்க்கையில் இருந்து அதை 3 கேள்விகளாகப் பிரித்து விட்டார்கள்.

இந்தப் படிப்பை ஏன் படிக்க விரும்புகிறாய்? பள்ளிக்கூடத்தில் படித்தது இதற்கு எப்படி உதவும்? பள்ளிக்கு வெளியே என்ன செய்தாய், அது எப்படி பயன்படும்? இவைதான் அந்த 3 கேள்விகள்.

மூன்றுக்கும் சேர்த்து 4 ஆயிரம் எழுத்துக்குள் முடிக்கணும். வார்த்தை இல்லை, எழுத்து. நடுவில் விடும் இடைவெளியும் கணக்கில் வரும். ஒவ்வொரு பதிலும் குறைந்தது 350 எழுத்தாவது இருக்க வேண்டும்.

2 முருகன்

"எனக்கு சின்ன வயசுல இருந்தே கம்ப்யூட்டர்னா உயிர்" என்றுதான் பலரும் ஆரம்பிக்கிறார்கள். இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. கேம் விளையாடுவதும், வீடியோ பார்ப்பதும் கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆகாது. அது பாதி கணக்கு. ஒரு பிரச்சினையை துண்டு துண்டாக உடைத்து, வழி கண்டுபிடிக்கத் தெரிந்த ஆளைத்தான் தேடுகிறார்கள்.

ஒரு உதாரணம் பாருங்க. அப்பா மளிகைக்கடை வைத்திருக்கிறார். கடன் நோட்டில் ஒரே குழப்பம். பையன் பைத்தானில் ஒரு சின்ன புரோகிராம் எழுதுகிறான். பெயரைத் தட்டினால் பாக்கி தெரியும். இரண்டே நாளில் சிக்கல் வந்து விட்டது. தெருவில் 2 முருகன். ஒருத்தர் வாங்கிய அரிசி இன்னொருத்தர் கணக்கில் ஏறி விட்டது! பையன் யோசித்து, பெயருக்குப் பதில் செல்போன் நம்பரை வைத்து கணக்கைப் பிரித்து விட்டான்.

இதை அப்படியே எழுதலாம். என்ன செய்தேன், எங்கே இடித்தது, எப்படி சரி செய்தேன், அதில் என்ன தெரிந்து கொண்டேன். நான்கு வரி போதும். பத்து சர்டிபிகேட் பெயரை அடுக்குவதை விட இதற்கு மதிப்பு அதிகம்.

பைத்தான் நமக்கு புதுசும் இல்லை. தமிழக பாடத்திட்டத்தில் பிளஸ்-1ல் சி பிளஸ் பிளஸ், பிளஸ்-2ல் பைத்தான் இருக்கிறது. 2-வது கேள்விக்கு இதை எழுதலாம். கூடவே கணக்குப் பாடத்தையும் விடாமல் சேர்க்க வேண்டும். கடையில் அப்பாவுக்கு ஒத்தாசை செய்தது 3-வது கேள்விக்கு ஆகும். வெட்கப்பட வேண்டியது இல்லை.

எரிந்த பைஜாமா

"நாங்களே எழுதித் தர்றோம், பணம் மட்டும் கொடுங்க" என்று யாராவது சொன்னால் உஷார். வருகிற எல்லா ஸ்டேட்மெண்ட்டையும் பழையவற்றோடு கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பார்க்கிறது. ரொம்ப ஒத்துப் போனால் யுனிவர்சிட்டிகளுக்கு தகவல் போய் விடும்.

2007-ல் இப்படி 50 ஆயிரம் ஸ்டேட்மெண்ட்டுகளை சோதித்த போது ஒரு கூத்து வெளியே வந்தது. சின்ன வயதில் கெமிஸ்ட்ரி சோதனை செய்து பைஜாமாவில் ஓட்டை போட்டுக் கொண்ட ஒரே கதையை 234 பேர் எழுதி இருந்தார்கள். எல்லாம் இன்டர்நெட்டில் கிடைத்த ஒரு மாதிரிக் கட்டுரையின் வேலை!

சாட்-ஜிபிடியிடம் எழுதி வாங்கி அப்படியே அனுப்புவதும் கூடாது. 'இது நானே எழுதியது' என்று விண்ணப்பத்திலேயே உறுதி கொடுக்க வேண்டும். எழுதி முடித்ததை இங்கிலீஷ் டீச்சரிடம் காட்டி பிழை திருத்துவதில் தப்பே இல்லை.

2026 சேர்க்கைக்கு ஜனவரி 14 வரை நேரம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் போடலாம், ஆனால் பரிசீலிப்பார்கள் என்ற உத்தரவாதம் கிடையாது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் முந்தைய அக்டோபர் 15-ந் தேதியே கதவை சாத்தி விடுவார்கள். டிகிரி முடித்து எம்.எஸ்சி. போகிறவர்கள் பெரும்பாலும் யுனிவர்சிட்டிக்கே நேரடியாக அனுப்ப வேண்டும். அங்கே இந்த 3 கேள்வி கணக்கு செல்லாது.