சிறிதளவு அருந்தினால் என்ன?

மார்புப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து இல்லம் திரும்பும் சகோதரிக்கு ஆலோசனை கூறுவோர் பலர். எங்கள் செகந்தராபாத் ரயில்வே குடியிருப்பில் அவ்வாறு திரும்பிய ஓர் அம்மையாரிடம், “இரவில் இரண்டு கரண்டி பிராந்தி சாப்பிடுங்கள், உடம்பு தேறும்” என்று அன்போடு மொழிந்தோர் உண்டு. கலியாண விருந்தொன்றில், “ஒயின் இருதயத்துக்கு நல்லதாயிற்றே” என்று வற்புறுத்தியோரும் உண்டு. “மிதமாக அருந்தினால் என்ன?” என்று அவ்வம்மையார் வினவினார். இதற்குரிய விடையை நம் குடும்பங்கள் அனைத்தும் அறிந்திருத்தல் நலம்.

உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சார்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1988-ஆம் ஆண்டிலேயே மதுபானங்களைப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்தது. மது விளைவிக்கும் நோய்களுள் மார்புப் புற்றுநோயும் ஒன்றென 2007-இல் முடிவு செய்தது. தீங்கற்ற அளவு என ஒன்று மதுவுக்கு இல்லையென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2023 ஜனவரியில் அறிவித்தது.

காரணம் யாது? ஆல்கஹால் உடலினுள் அசிடால்டிஹைடு என்னும் நச்சாக மாறி, உயிரணுக்களின் மரபுப் பொருளைச் சிதைக்கிறது. ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்புநீரையும் மிகுவிக்கிறது. மார்புப் புற்றுநோய்களுள் பல அந்நீரின் தூண்டுதலால் வளர்வன. ஆதலின் அன்றோ, அத்தகையோர்க்குச் சிகிச்சைக்குப் பின்னும் டமாக்சிஃபென் போன்ற மாத்திரைகளை 5 முதல் 10 ஆண்டுகள் வரை கொடுக்கின்றனர்! ஒரு கையால் நெருப்பை அணைத்துக்கொண்டே மறு கையால் எண்ணெய் வார்ப்பது தகுமா?

30 மில்லி விஸ்கி, 100 மில்லி ஒயின், 250 மில்லி பீர் ஆகிய ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 கிராம் ஆல்கஹால் உண்டு. நாள்தோறும் இவ்வளவு அருந்தும் பெண்ணுக்கு இந்நோய் வரும் அபாயம் சுமார் 7 சதவிகிதம் மிகுகிறது. குணமடைந்தவரிடம் பழைய நோய் திரும்புவதில் சிறிதளவு மதுவுக்குப் பங்குண்டா என்பதில் ஆய்வுகள் ஒருமித்த முடிவு தரவில்லை. ஆயினும் மறுபக்க மார்பில் புதிதாக நோய் தோன்றக்கூடும் என்பதை மறத்தலாகாது. திராட்சாரிஷ்டம் முதலிய அரிஷ்டங்களிலும் இயல்பாகவே ஆல்கஹால் உண்டு என்பதையும் நினைவிற் கொள்க.

எனினும், என்றோ ஒரு மிடறு பருகிவிட்டவர் அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. மதுவைத் தொட்டும் அறியாத எத்தனையோ பெண்களுக்கு இந்நோய் வருகிறது. ஆகவே, “நீ குடித்ததால் வந்தது” என்று எவரையும் பழித்தல் பெருங்கொடுமை. வெட்கத்தால் மறைக்காமல் வைத்தியரிடம் உள்ளதைச் சொல்வதே முறை. சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் நிறுவிய புற்றுநோய் நிலையமும், நம் ஹைதராபாத் ரெட் ஹில்ஸ் பகுதியிலுள்ள மெஹ்தி நவாஸ் ஜங் புற்றுநோய் மருத்துவமனையும் இத்தகைய ஐயங்களைத் தயக்கமின்றிக் கேட்டறிவதற்கான இடங்களே.

மது மருந்தன்று, தவிர்ப்பதே சாலச் சிறந்தது. உடல் தேறுவதற்குப் பருப்பும் முட்டையும் கேழ்வரகுக் கஞ்சியும் மாலை நடையும் துணை நிற்கும். விருந்துக்கு வரும் சகோதரிக்கு ஒரு குவளை மோர் கொடுங்கள், வற்புறுத்தாதிருப்பதும் அன்பே.