தொலைபேசிக் கம்பியில் வந்த இணையம்

சென்னை வீடுகளுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. அப்போது அரசு நிறுவனமாக இருந்த வி.எஸ்.என்.எல். அதைத் தொடங்கிய நான்கு நகரங்களில் நம் ஊரும் ஒன்று. அடையாறை ஒட்டிய ஐ.ஐ.டி. வளாகத்தில் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கான எர்நெட் வலையமைப்பு வழியாக மின்னஞ்சல் அதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது வீட்டுக் கணினியை இணையத்தோடு இணைக்க ஒரு மோடம் வேண்டும். கணினியின் தகவலை அது ஒலியாக மாற்றித் தொலைபேசிக் கம்பியில் அனுப்பும். இணையத்தில் இருக்கும் நேரத்தில் யார் கூப்பிட்டாலும் 'எங்கேஜ்டு' ஒலிதான். வேகம் நொடிக்கு 9,600 பிட். மலிவான இணைப்பில் படம் வராது, எழுத்து மட்டுமே. அதுவே பெரிய கதவு! யூஸ்நெட் என்ற இணைய விவாத மேடையில் தமிழர்களுக்கென்றே ஒரு விவாதக் குழு இருந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி, கடல் கடந்த தமிழரோடு மணிக்கணக்கில் வாதிடலாம். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' என்ற தமிழ் எழுத்துருவை இலவசமாகவே வழங்கினார். திரையில் தமிழ் தமிழாகவே தெரிய, அவரைப் போன்றவர்களின் உழைப்புதான் வழி செய்தது.