புறநகர்க் குடும்பமும் தற்சார்பும்

தற்சார்பு என்றவுடன், எவர் துணையுமின்றித் தனித்து வாழ்தல் எனப் பலர் பொருள் கொள்கின்றனர். அவ்வாறு வாழ்ந்த குடும்பம் எந்நாட்டிலும் இல்லை. உழவர் கொல்லரைச் சார்ந்தார். கொல்லர் உழவரைச் சார்ந்தார். இடர் நேர்ந்த வேளையில், பிறர் உதவி வந்து சேரும் வரை ஒரு குடும்பம் சொந்தக் காலில் நிற்கும் ஆற்றலையே தற்சார்பு என்கிறோம். அவ்வாற்றல் நம் வீட்டிற்கு எத்தனை நாள் உண்டு? இவ்வினாவைச் சென்னையின் தென்புறநகரை முன்வைத்து ஆராய்வோம்.

புறநகரின் நிலை

சிற்றூரில் கிணறும் குதிரும் இருந்தன. மாநகரின் நடுப்பகுதிக்குக் குழாய்நீர் வாய்த்தது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது புறநகர். இங்கே வயலும் ஏரிக்கரையும் மனைகளாயின, கிணறுகள் தூர்ந்தன, குழாய்நீரோ எல்லாத் தெருக்களுக்கும் இன்னும் வந்து சேரவில்லை. பழையது கைவிட்டுப் போக, புதியது கைக்கு எட்டாத நிலை இது. நீர் லாரியில் வருகிறது. குடிநீர் கேனில் வருகிறது. பால் பாக்கெட்டில் வருகிறது. பிழைப்போ மின்ரயில் ஏறிச் செல்லும் தொலைவில் இருக்கிறது. இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் அடுப்பங்கரை தடுமாறுகிறது.

அண்மைக்கால வரலாறு இதற்குச் சான்று. 2015 டிசம்பர் முதல் நாள் கொட்டத் தொடங்கிய பெருமழையில், தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 49 செ.மீ. பதிவாயிற்று. அடையாறு கரை கடந்து முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் புகுந்தது. பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசியும் நாட்கணக்கில் நின்றுபோயின. 2019 கோடையிலோ பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு நீர்த்தேக்கங்களும் ஏறத்தாழ வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர நேர்ந்தது. 2020 மார்ச்சில் வந்த ஊரடங்கு, நாட்கூலிக் குடும்பங்களின் வருவாயை ஒரே இரவில் நிறுத்தியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மீண்டும் வெள்ளத்தைக் கொணர்ந்தது. எட்டே ஆண்டுகளில் வெள்ளம், வறட்சி, நோய், மீண்டும் வெள்ளம்! இடர் எவ்வடிவில் வரும் என்பதை நாம் முன்னறிய இயலாது. ஆயினும் எவ்விடரிலும் வேண்டப்படுவன நீர், உணவு, பொருள், கைத்திறன் என்னும் நான்கே.

நீர்

பருகவும் சமைக்கவும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் எனக் கொள்வோம். நால்வர் வாழும் வீட்டிற்கு ஒரு வாரத்திற்கு 140 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் ஏழு வேண்டும். மழைக்காலத்தில் இவ்வளவைச் சேமித்து வைத்தல் எளிய குடும்பத்திற்கும் இயல்வதே.

கூரையில் விழும் மழையின் கணக்கோ நம்மை வியக்க வைப்பது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,300 மி.மீ. அளவிற்குக் குறையாமல் மழை பெய்கிறது. 1,000 சதுர அடி மாடி ஏறத்தாழ 93 சதுர மீட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணாயினும் ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர் எஞ்சும். 12,000 லிட்டர் கொள்ளும் லாரியில் எட்டு லாரி நீர் இது! மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு 2003இல் கட்டாயமாக்கியது. குழி தோண்டியவர் பலர். ஆண்டுதோறும் தூர்வாருபவர் சிலரே. ஐப்பசி பிறக்குமுன் குழியிலுள்ள கூழாங்கல்லையும் மணலையும் கழுவி இடாவிடின், அக்குழி இருந்தும் பயனில்லை.

புயல் எச்சரிக்கை வந்தவுடன் மாடித் தொட்டியை நிரப்பி, தரைத்தொட்டியின் மூடியை இறுக அடைத்தல் வேண்டும். வெள்ளம் புகுந்த தரைத்தொட்டியில் கழிவுநீர் கலந்திருக்கும். அதை முற்றிலும் இறைத்து, பிளீச்சிங் பவுடர் இட்டுக் கழுவிய பின்னரே பயன்படுத்தலாம். பருகும் நீரைக் கொதிக்க வைத்தே பருகுதல் நன்று.

உணவு

உணவைச் சேமித்தல் என்பது மூட்டை மூட்டையாகப் பதுக்குவது ஆகாது. மாதந்தோறும் வாங்கும் அரிசி, பருப்பு, உப்பு, புளி, எண்ணெய் ஆகியவற்றில் அரை மாத அளவு கூடுதலாக வைத்து, பழையதை முன்னும் புதியதைப் பின்னும் செலவிட்டு வரின் அதுவே போதும். கேழ்வரகு நெடுநாள் கெடாதது. சித்திரை வெயிலில் இடும் வற்றலும் வடகமும் ஐப்பசி மழையில் கைகொடுக்கும். அடுப்பு மூட்ட இயலாத நாளுக்கு அவல், பொட்டுக்கடலை, வெல்லம், பேரீச்சம்பழம் இருத்தல் வேண்டும். கரி அடுப்பை மூடிய அறையில் எரித்தல் கூடவே கூடாது. அதன் நச்சுவாயு கண்ணுக்குப் புலப்படாமல் உயிரைக் குடிக்கும்.

கொல்லைப்புறத்தில் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, குளியலறை நீர் பாயும் இடத்தில் ஒரு வாழை, மாடித் தொட்டிகளில் கீரை ஆகியன பெரும்பாலான வீடுகளில் இயலும். முளைக்கீரை ஏறத்தாழ ஒரு திங்களில் அறுவடைக்கு வரும். இத்தோட்டம் ஒரு குடும்பத்தின் பசியை முற்றும் தீர்த்துவிடாது. எனினும் காய்கறிச் செலவைக் குறைக்கும். பிள்ளைகளுக்கு மண்ணோடு உறவை உண்டாக்கும்.

பொருளும் கைத்திறனும்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது முன்னோர் மொழி. மூன்று மாதக் குடும்பச் செலவிற்கான தொகையைச் சிறுகச் சிறுகச் சேர்த்து வைப்பவர், வேலை இழந்த மறுநாளே வட்டிக்கடைக்கு ஓட வேண்டியதில்லை. 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள், எளிய பெண்களின் சிறு சேமிப்பும் கடன் தளையை நெகிழ்த்தும் என்பதைக் காட்டின. சிறிது ரொக்கம் வீட்டில் இருத்தலும் வேண்டும். மின்சாரமின்றிப் பணம் எடுக்கும் இயந்திரம் இயங்காது. நிலப் பத்திரம், கல்விச் சான்றிதழ், குடும்ப அட்டை ஆகியவற்றை நீர் புகாத உறையிலிட்டு உயரத்தில் வைத்தல் வேண்டும். 2015 வெள்ளத்தில் இவற்றை இழந்தோர் நகல் பெறுவதற்கென அரசு சிறப்பு முகாம்களே நடத்த நேர்ந்தது.

கைத்திறனோ வெள்ளத்தில் போகாத செல்வம். வெள்ளம் வாசற்படியை எட்டுமுன் மின்சாரத்தை எங்கே துண்டிப்பது என்பதை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும். குழாய் பழுது நீக்கல், தையல், முதலுதவி ஆகியவற்றை ஆண், பெண் என்ற வேறுபாடின்றிப் பயிற்றுவித்தல் நன்று. வயிற்றுப்போக்கு கண்டவருக்கு, ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கரைத்துக் கொடுக்கலாம். இச்சிறு அறிவு மருத்துவ உதவி கிட்டும் வரை ஓர் உயிரைத் தாங்கும்.

தற்சார்பின் எல்லை

ஈண்டு ஒன்றை நாம் மறத்தல் ஆகாது. தன் வீட்டை மட்டும் காக்கும் தற்சார்பு, அடுத்த வீட்டிற்கு இடராக முடிவதுண்டு. ஒருவர் நானூறு அடிக்கு ஆழ்துளை இட்டால், அயலாரின் நூறடிக் கிணறு வற்றக்கூடும். ஒருவர் மனையை மண்ணிட்டு உயர்த்தினால், வெள்ளம் தாழ்ந்த வீட்டைத் தேடிப் போகிறது. பொருளுள்ளவர் அஞ்சி வாங்கிக் குவித்தால், அன்றாடம் வாங்கி உண்பவரின் உலை கொதிக்காது. ஆகவே வீட்டில் தொடங்கும் தற்சார்பு தெருவில் நிறைவெய்த வேண்டும். 2015இல் மீனவர் தம் படகுகளோடு வந்தனர். பள்ளிவாசல்களும் கோயில்களும் தேவாலயங்களும் கதவைத் திறந்தன. அங்கே பசி ஒன்றே முகவரியாயிற்று.

ஆகவே மாணவர்களே, உங்கள் தெருவில் தனித்து வாழும் முதியோர், கருவுற்ற மகளிர், தொடர் மருத்துவம் பெறுவோர் யார் யார் என மழைக்கு முன்பே கேட்டறிந்து கொள்ளுங்கள். ஆசிரியப் பெருமக்கள் மழைநீர்க் கணக்கை வகுப்பறைக்குக் கொண்டு வருவார்களாக. சமுதாயப் பெரியோர் தூர்ந்த கிணறு ஒன்றையேனும் மீட்டுத் தருவார்களாக. இடர் வந்தபின் கலங்குவதினும் வருமுன் ஆயத்தமாதல் எளிது. அவ்வாயத்தத்தில் அண்டை வீட்டாருக்கும் ஒரு பங்கு வைப்போம்.