பிலிமா, டிஜிட்டலா? லயத்திலிருந்து ஒரு பதில்

பொடி மெனிக்கே ரயில் நானுஓயாவுக்குள் நுழையும்போது கதவுக்குக் கதவு போன் நீட்டிய கைகள். நடுவே பழைய பிலிம் கமராவைத் தோளில் மாட்டிய இளசுகளும் இப்போது இறங்குகிறார்கள். படம் என்றால் பிலிம்தான் என்பது அவர்கள் கட்சி.

மலைநாட்டு மூடுபனியில் இரு தரப்புக்கும் பேச விஷயம் உண்டு. வெள்ளைப் பனியைக் கண்டால் கமராவின் மீட்டர் ஏமாந்து படத்தை மங்கலாக்கும்; ஒளியைக் கொஞ்சம் கூட்டிவைக்க வேண்டும். டிஜிட்டலில் அளவு மீறிக் கூட்டினால் பனி வெறும் வெள்ளையாகிவிடும், மீட்க வழியில்லை. நெகட்டிவ் பிலிம் அந்தப் பிழையைப் பெருமளவு தாங்கும். ஆனால் சரியாக வந்ததா என்பது ரோலைக் கழுவிய பிறகுதான் தெரியும். அழகைப் பொறுத்தவரை வழக்கு சமன். தோட்டத்து ஆட்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: கமரா யார் கையில் இருந்தது? படம் யாரிடம் தங்கியது?

பெயரில்லாத முகங்கள்

இங்கிலாந்தின் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் 1875இல் இலங்கைக்குக் குடிவந்தார். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. கண்ணாடித் தகட்டில் இரசாயனம் பூசி, ஈரம் காயுமுன் படமெடுத்துக் கழுவ வேண்டிய காலம் அது. இலங்கையில் அவர் எடுத்தவற்றில் எஞ்சியவை 30க்கும் குறைவு. பலவற்றில் நிற்பவர்கள் தொழிலாளர்கள். 1879இல் டிக்கோயாப் பகுதியில் இறந்து, பொகவந்தலாவையில் அடக்கமானார். அவர் பெயர் உலகுக்குத் தெரியும். படத்தில் நிற்பவர்களில் பெரும்பாலோரின் பெயர் யாருக்கும் தெரியாது. பின்னால் வந்த தபால் அட்டைகளிலும் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குக் கூடை இருந்தது, பெயர் இல்லை.

டவுனுக்கு ஸ்டூடியோ வந்த பிறகுதான் காசு கொடுத்து ஒரு படத்தைச் சொந்தமாக்க முடிந்தது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளி மக்களில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மீதி 150,000 பேரின் கதி பிறகு தீர்மானமானது. அண்ணன் கப்பலேற, தம்பி இங்கே நின்ற குடும்பங்களில், சேர்ந்து நின்று எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படமே உறவுக்குச் சாட்சி. அடுப்புப் புகையில் பழுப்பேறி, லயத்துக் காம்பராவில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் அது இன்னும் தொங்குகிறது.

கை மாறிய கமரா

முதல் டிஜிட்டல் கமராவை 1975இல் செய்தவர் கொடாக் பொறியாளர் ஸ்டீவ் சாசன். ஒரு படம் கசெட்டில் பதிய 23 விநாடி பிடித்தது. பிலிமையே நம்பியிருந்த கொடாக், 2012இல் திவால் மனுவோடு நீதிமன்றம் போனது. கம்பனிக்கு நட்டம், தோட்டத்துக்கு லாபம். ஒழுகும் கூரையை, மண் சரிந்த பாதையை, கொழுந்து நிறுக்கும் தராசைத் தொழிலாளியே இன்று படமெடுத்துக் காட்டலாம். 36 படத்தோடு முடியும் ரோல் இந்தத் துணிச்சலைத் தந்ததில்லை.

குறை சேமிப்பில்தான். போன் தண்ணீரில் விழுந்தால் பிள்ளை வளர்ந்த கதையே போய்விடும். கடவுச்சீட்டுக்கு எடுக்கும் படத்தைக்கூட ஸ்டூடியோ நேரே திணைக்களத்துக்கு அனுப்பிவிடுகிறது. நம் கைக்கு வருவது ரசீது.

அதனால் போனிலேயே எடுங்கள். முக்கியமானதை மட்டும் பிரிண்ட் போட்டு, பின்புறம் ஆட்களின் பெயர், தோட்டம், டிவிஷன், தேதி எழுதுங்கள். சுவரில் இருக்கும் பழைய படங்களையும் போனில் எடுத்து, நீலகிரிப் பக்கம் போன சொந்தங்களுக்கு அனுப்புங்கள். யார் யார் என்று அடையாளம் காட்டக்கூடிய பெரியவர்கள் இரு கரையிலும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளும் வேலையை அடுத்த தீபாவளி வரை தள்ளிப்போட வேண்டாம்.