ஓலைக்கேற்ற கருவி

இலக்கியம், இலக்கணம், மருத்துவம், கணக்கு எனத் தமிழரின் பல்துறை அறிவு பல நூற்றாண்டுகள் பனையோலையில் வாழ்ந்தது. ஓலை நிலையானதன்று. ஈரமும் பூச்சியும் அதனை அரிக்கும். முதுமையில் அது முறியும். ஆகவே, முன்னோர் பழுதுற்ற ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் படியெடுத்தனர். அச்சு பரவியபின் அவ்வழக்கம் அருகியது. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களுடன் அரிய ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. படியில்லாச் சுவடி அழிந்தால் அதன் செய்தியும் உடனழியும். இவ்விழப்பைத் தடுக்கும் இக்காலப் படியெடுப்பே மின்னுருவாக்கம்.

வருடியா, ஒளிப்படக் கருவியா?

தாள்களை உருளைகளால் உள்ளிழுக்கும் வருடியில் சுவடியை இடுதல் கூடாது, ஓலை நொறுங்கிவிடும். தட்டை வருடியிலும் இடருண்டு. வளைந்த ஓலையைக் கண்ணாடியின்மேல் கவிழ்த்து மூடியால் அழுத்தினால் அது விரிசலுறும். எனவே, ஓலையை மேசையில் மேல்நோக்கி வைத்து, தாங்கியில் நேர்க்கீழாகப் பொருத்திய ஒளிப்படக் கருவியால் படமெடுப்பதே ஏற்றது. கட்டுத் தளர்ந்த பழைய நூல்களை முழுதும் விரிக்காமல், ‘V’ வடிவத் தொட்டிலில் பாதி திறந்த நிலையில் வைத்துப் படமெடுப்பர்.

எத்துணை நுண்மை?

ஓலை நீண்டு குறுகியது. எழுத்தோ மிகச் சிறியது. அங்குலத்திற்கு 400 படப்புள்ளிகள் வேண்டுமெனக் கொள்வோம். 16 அங்குல ஓலைக்கு நீளவாக்கில் 6,400 புள்ளிகள் தேவை. 24 மெகாபிக்சல் கருவி ஏறத்தாழ 6,000 புள்ளிகளே தரும். 45 மெகாபிக்சல் கருவி 8,000க்கும் மேல் தரும். விலையை நோக்குமுன் ஓலையை அளத்தல் வேண்டும் என்பதற்கு இக்கணக்கே சான்று.

ஒளியமைப்பு

வெப்பமும் புறஊதாக் கதிரும் ஓலைக்குப் பகை. அவை மிகக் குறைந்த எல்.இ.டி. விளக்குகளே உகந்தவை. எழுத்தாணியால் கீறியபின் கரி பூசியே எழுத்தைத் தெளிவாக்கினர். கரி மங்கிய ஏட்டில் கீறல் மட்டுமே எஞ்சும். நேரொளியில் அது புலப்படாது; விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தினால் கீறலில் நிழல் விழுந்து எழுத்து துலங்கும். ஆதலால், இடமும் கோணமும் மாற்றத்தக்க விளக்குகளைத் தேர்தல் நன்று. நிற அட்டையையும் அளவுகோலையும் ஏட்டருகே வைத்துப் படமெடுத்தால் உண்மை நிறத்தையும் அளவையும் பின்னர் அறியலாம்.

சேமிப்பு

மூலப் படத்தைத் தரமிழக்காத ‘டிஃப்’ வடிவிலும், வாசிப்போர்க்குரியதை ‘ஜேபெக்’ வடிவிலும் வைப்பர். மூன்று படிகள் எடுத்து, ஒன்றை வேறு ஊரில் காப்பது நல்ல நடைமுறை. ஓரிடத்தில் தீயோ வெள்ளமோ நேரினும் மற்றொன்று எஞ்சும். வன்தட்டுக்கும் வாழ்நாள் உண்டு. சில ஆண்டுகளுக்கொருமுறை கோப்புகளைச் சோதித்துப் புதியதற்கு மாற்றுதல் வேண்டும்.

மின்படி உருவானபின் மூல ஏட்டைப் புறக்கணித்தல் தகாது. ஓலையின் பதமும் எழுத்தின் ஆழமும் படத்தில் முழுமையாக அடங்கா. மின்படி வாசிப்போரிடம் செல்ல, மூல ஏடு கைபடாமல் ஓய்வுகொள்ளும். ஏட்டுக்கு ஊறு நேராமல் இப்பணியை முடிக்கும் கருவியே தக்க கருவியாகும்.