பல்லாவரம் கல்லும் நிலவின் பிறப்பும்

"நிலவு எப்படித் தோன்றியது?" என்று கேட்டால் மாணவர்கள் ஒரு வரியில் விடை எழுதிவிடுவார்கள். "அது எப்படித் தெரியும்?" என்று கேட்கும்போதுதான் வகுப்பு யோசிக்கத் தொடங்குகிறது. செங்கல்பட்டு மாவட்டத்தில் அறிவியல் கற்பிக்கும் நான், இந்த இரண்டாவது கேள்வியை நம் மாவட்டத்துக் கல்லையும் கடலையும் கொண்டே அணுகுகிறேன்.

முதலில் கல். பல்லாவரத்துச் சார்னோகைட் பாறையை உடைத்துக் கைவில்லையால் பார்த்தால் பளபளக்கும் தட்டைப் பரப்புகள் தெரியும். அவற்றில் பல ஃபெல்ட்ஸ்பார் கனிமம். நிலவின் வெண்ணிற மேட்டுநிலங்களிலும் ஃபெல்ட்ஸ்பார் வகையொன்றே மிகுதி. ஆனால் அங்குள்ள பாறை சார்னோகைட் அன்று, அனார்த்தோசைட். அது நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் கிடைக்கிறது. அதைப் பொடித்துத்தான் இஸ்ரோ, சந்திரயான் சோதனைகளுக்கான செயற்கை நிலவு மண்ணை உருவாக்கியது.

அந்தக் கனிமம் நிலவின் மேற்பரப்பில் குவிந்தது ஏன்? ஒரு புட்டியில் நீர், மணல், மரத்தூள் இட்டுக் குலுக்கி வையுங்கள். மணல் அடியில் தங்கும், மரத்தூள் மிதக்கும். இளம் நிலவு பாறைக்குழம்புக் கடலாக இருந்தபோது, அடர்த்தி மிகுந்த கனிமங்கள் மூழ்கின, ஃபெல்ட்ஸ்பார் மிதந்து மேலோடானது என்பது கருதுகோள். 2023 ஆகஸ்ட் 23 அன்று தரையிறங்கிய சந்திரயான்-3இன் பிரக்யான் ஊர்தி, தென்துருவப் பகுதியை ஒட்டி 23 இடங்களில் மண்ணின் தனிமங்களை அளந்தது. 2024இல் வெளியான அதன் முடிவுகள் இக்கருதுகோளுக்கு வலுச் சேர்த்தன.

அவ்வளவு வெப்பம் எங்கிருந்து வந்தது? சுமார் 450 கோடி ஆண்டுகளுக்கு முன், ஏறக்குறைய செவ்வாய் அளவுள்ள 'தியா' என்ற கோள் புவிமீது மோதியது, சிதறிய பொருள் திரண்டு நிலவானது என்கின்றனர் அறிவியலாளர்கள். அப்பல்லோ பயணங்கள் கொண்டுவந்த 382 கிலோகிராம் மாதிரிகளில் ஆக்சிஜன் ஐசோடோப்புகளின் விகிதம் புவியோடு ஏறத்தாழ ஒத்திருந்தது. நிலவின் இரும்பு உள்ளகமும் சிறியது. ஆனால் பல கணினி மாதிரிகளில் நிலவின் பெரும்பகுதி தியாவிலிருந்தே வருகிறது. அப்படியானால் இந்த ஒற்றுமை எப்படி? இது இன்றும் ஆய்வில் உள்ள வினா.

அடுத்து கடல். முழுநிலவிலும் அமாவாசையிலும் ஓதம் உயர்வதை மாமல்லபுரத்து மீனவக் குடும்பப் பிள்ளைகள் அறிவார்கள். புவி விரைந்து சுழல்வதால் கடல்நீரின் புடைப்பு நிலவுக்குச் சற்று முந்துகிறது. அதன் ஈர்ப்பு நிலவை முன்னோக்கி இழுக்க, நிலவின் பாதை விரிகிறது. நிலவில் வைக்கப்பட்ட எதிரொளிப்பான்களுக்கு லேசர் கதிர் அனுப்பி அளந்ததில், நிலவு ஆண்டுக்குச் சுமார் 3.8 செ.மீ. விலகுவது தெரிந்தது. அப்படியெனில் முன்பு அது நமக்கு மிக அருகில் இருந்திருக்க வேண்டும்.

பாடம் முடிந்ததும் கரும்பலகையில் 'அளந்தது', 'ஊகித்தது' என இரு பத்திகள் இடுங்கள். 3.8 செ.மீ. எந்தப் பத்தியில் வரும், தியா எந்தப் பத்தியில் வரும் என்பதை மாணவர்களே விவாதித்து எழுதட்டும். விடையை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளைக்கு, நாளை புதிய சான்று வந்தால் குழப்பமே மிஞ்சும். சான்றை எடைபோடப் பழகிய பிள்ளை அதை ஆவலோடு வரவேற்கும்.