கர்ப்பகாலப் புத்தகம் வாங்கப் போறீங்களா? இந்த மூன்று இடத்தைப் புரட்டிப் பாருங்க

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பத்தைப் பதிவு செய்ததும் தாய் சேய் பாதுகாப்பு அட்டை ஒன்று கொடுப்பாங்க. பெயர்தான் அட்டை, உண்மையில் அதுதான் உங்கள் முதல் புத்தகம். பரிசோதனைக்கு எப்போது வர வேண்டும், எந்த அறிகுறி தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும், குழந்தைக்குத் தடுப்பூசி எப்போது என எல்லாம் அதில் இருக்கிறது. முதலில் அதைப் படிச்சிடுங்க. கூடுதல் விளக்கத்துக்குத்தான் கடைப் புத்தகம்.

கடையில் அட்டைப்படத்தைப் பார்த்து எடுக்காதீங்க. பொருளடக்கத்தைப் பார்த்து மூன்று இடங்களைத் திறங்க: சிசேரியன், தாய்ப்பால், பிரசவத்துக்குப் பிந்தைய மனநிலை.

சிசேரியன் என்றாலே வலி தாங்காதவர்கள் தேடிக்கொள்வது என்ற தொனி தெரிந்தால், புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைச்சிடுங்க. குழந்தை குறுக்காக இருக்கலாம், நஞ்சு கருப்பை வாயை மறைத்திருக்கலாம். அந்தக் காரணங்களையும், தையல் ஆறும் வரை என்ன கவனிக்கணும் என்பதையும் சொல்வதே உங்களுக்கு உதவும்.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நல்ல புத்தகமும் அதையே சொல்லும். ஆனால் "பால் இல்லைன்னு சொல்வதெல்லாம் சாக்கு" என்று அதட்டாது. குழந்தையை எப்படிப் பிடிப்பது, காம்பில் புண் வந்தால் என்ன, பால் கட்டிக்கொண்டால் என்ன என்று சொல்லிக்கொடுக்கும். சேனை வைக்கும் பாட்டியையும் திட்டாது. ஒரு வயதுக்குள் தேன் ஏன் ஆபத்து என்று அவருக்கும் புரியும்படி விளக்கும். (வீட்டில் அந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டியவர் அவர்தானே!)

பிரசவமான சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் உண்டு. இரண்டு வாரம் தாண்டியும் அது தணியாவிட்டால் மருத்துவரிடம் பேசணும். இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் தாய்மையின் ஆனந்தத்தை மட்டும் பாடினால் அது பாதிப் புத்தகம்தான். குற்றம் சொல்லும் புத்தகம் அதைவிட மோசம். அதைப் படித்த அம்மா, கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வந்து கேட்டால் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்பார். குழந்தையின் எடை குறைந்த பிறகுதான் விஷயம் வெளியே வரும்.

அன்பாகப் பேசினால் மட்டும் போதுமா? போதாது. பெற்றோர் தம் மேல் நம்பிக்கை வைக்கணும் என்று கனிவாகச் சொல்லி உலகப் புகழ் பெற்றது, அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக் 1946இல் எழுதிய குழந்தை வளர்ப்பு நூல். அதன் பிந்தைய பதிப்புகள் குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கச் சொல்லின. தூக்கத்தில் திடீர் மரணம் நேரும் ஆபத்தை அது கூட்டும் என்பது பின்னால் தெரியவந்தது. மல்லாக்கப் படுக்க வைப்பதே இன்றைய பரிந்துரை. அதனால் பதிப்பித்த ஆண்டையும் பாருங்க, எழுதியவர் மருத்துவரா, செவிலியரா என்றும் பாருங்க.

ஆண் குழந்தை பெற வழி, வயிற்றைப் பார்த்தே ஆணா பெண்ணா என்று சொல்லும் அட்டவணை என்றெல்லாம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தந்தையின் உயிரணு. பரிசோதனை செய்து கருவின் பாலினத்தைச் சொல்வது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். குங்குமப்பூ சாப்பிட்டால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்பதும் இந்த ரகம்தான்.

காசு கொடுத்து வாங்கும் முன் உங்கள் ஊர்க் கிளை நூலகத்திலோ மாவட்ட மைய நூலகத்திலோ எடுத்துப் பாருங்க. கணவரையும் படிக்கச் சொல்லுங்க.

புத்தகத்தில் பதில் இல்லாத சந்தேகத்துக்கு 104ஐ அழைக்கலாம். மனசு சரியில்லை என்றால் 14416. உதிரப்போக்கோ வலிப்போ பார்வை மங்கலோ வந்தால் பக்கம் தேடிக்கொண்டிருக்காதீங்க, உடனே 108ஐக் கூப்பிடுங்க.